கிளியின் மெய்ப்பாடும் சாவகர் கடமையும்



தகடூர் எனப் பழந்தமிழர் வழங்கிய இத் தருமபுரி மண்ணில் ஜினதருமம் தழைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், தகடூரில் ஜினாலயம் எடுப்பிக்கப்பட்ட செய்தியைத் தருமபுரிக் கல்வெட்டு கூறுகிறது. அத்தகைய மண்ணில் வாழும் இல்லறத்தார் சிலரின் தாழ்வாரத்தில் இன்றும் கூண்டுக்கிளி தொங்குகிறது. அன்பினால் வளர்ப்பதாகவே அவர்கள் கருதுகின்றனர். அந்த அன்பு கிளிக்கு எவ்வாறு இருக்கிறது என்பதை அதன் உடலே உரைக்கும்.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுதலை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவர் வகுத்த எட்டும் மாந்தர்க்கு உரியவை. எனினும் கிளியும் மனமுடைய ஐம்பொறி உயிர் என்பது ஆகமத் துணிபு. ஆதலின் அதற்கும் மெய்ப்பாடு உண்டு.

உறங்குமுன் அலகை மெல்ல அரைப்பது மனநிறைவின் குறி. ஒரு காலை இறகுக்குள் மடக்கி மறுகாலில் நிற்பது ஓய்வு. தலையைத் தாழ்த்திப் பிடரி இறகை நெகிழ்த்துவது வருடலை விரும்பும் அழைப்பு. கண்மணி விரைவாகச் சுருங்கி விரிவது கிளர்ச்சி. அது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், சினமாகவும் இருக்கலாம். அப்போது வாலும் விசிறிபோல் விரிந்திருப்பின் கை நீட்டலாகாது. இறகுகளை உடலோடு இறுக்கி, மெலிந்து நிமிர்ந்து நிற்பின் அஃது அச்சம்.

இவற்றினும் முதன்மையானவை நோயின் குறிகள். வேட்டைப் பறவைகளுக்கு அஞ்சி வாழும் இனமாதலால், கிளி தன் நோயை இயன்றவரை மறைக்கும். பகலிலும் நெடுநேரம் இறகு உப்பி ஒடுங்கியிருத்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல் ஆகியன தோன்றினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தன் இறகைத் தானே பிடுங்குதலும், கம்பியோரம் ஓயாது இங்குமங்கும் நடத்தலும் நோயாலும் வரலாம். தனிமையாலும் அடைபட்டிருத்தலாலும் வரலாம். அந்நடையைக் கண்டு, கிளி ஆடுகிறது என்று குழந்தைகள் கைதட்டுகின்றனர்.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. முதலில் நிற்பது கட்டுதல். உயிரை அது விரும்பும் இடத்துக்குச் செல்லவிடாது தடுத்தல் என்று அதற்கு உரைகாரர் பொருள் காண்பர். பாலும் பழமும் ஊட்டி வளர்த்தாலும், பறக்கப் பிறந்ததைக் கூண்டில் வைத்தல் இவ்வதிசாரத்தினின்று நீங்காது.

சீவக சிந்தாமணி இதனைக் கதையாகவே காட்டுகிறது. முற்பிறவியில் அன்னக்குஞ்சு ஒன்றைச் சுற்றத்தினின்று பிரித்துச் சிறைவைத்த வினையே, சீவகன் இப்பிறவியில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்ததற்குக் காரணமாயிற்று. அன்னத்தை அவன் துன்புறுத்த எண்ணவில்லை, விரும்பியே வைத்திருந்தான். விருப்பமும் வினையாகும் என்பதே திருத்தக்கதேவர் உணர்த்தும் பாடம்.

நாட்டின் சட்டமும் இதனையே வேண்டுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, கழுத்தில் செவ்வளையம் கொண்ட பச்சைக்கிளி முதலான நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலும் விற்றலும் வளர்த்தலும் குற்றம். வைத்திருப்போர் உடனே கூண்டைத் திறந்துவிடுதலும் தக்கதன்று. சிறகரியப்பட்ட கிளி, இரை தேடப் பழகாத கிளி, வெளியே சென்றால் காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே நெறி.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவை மருத்துவமனை ஒன்று உள்ளது. 1929இல் தொடங்கியது. அங்கே நலமுற்ற பறவைகள் கூண்டுக்குத் திரும்புவதில்லை, வானுக்கே விடப்படுகின்றன. பறவையின்பால் ஜைனர் கொண்ட அன்புக்கு அதுவே அளவுகோல்.

கிளியைக் காண விழையும் குழந்தையைக் கதிர் முற்றும் காலத்தில் கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். மாலையில் கூட்டமாகக் கூவிச் செல்லும் கிளிகளைக் காட்டுங்கள். கூண்டில் ஒருநாளும் காணவியலாத மெய்ப்பாடு ஒன்றை அக்குழந்தை அங்கே காணும். எவ்வுயிரும் இன்புறுக.

ஜெய் ஜினேந்திரா!