தொட்டுப் பார்க்கும் கை
(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கருதக்கூடும். வேண்டுமென்றே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். இச்சொல்லை அவையில் உச்சரிக்க நாம் கூசுகின்ற வரையில், நம் பெண்கள் கட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருப்பார்கள்.

1929 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள், காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ இதழில் கத்தியவார்ப் பகுதிப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் அதனை எடுத்து வைத்துள்ளார். அவ்வாசிரியர் நம்மைப் போலவே ஒதுக்கப்பட்டவர். பிள்ளை பெற்ற அவர் மனைவி நோயுற்றபோது, சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், அந்த அம்மையாரை வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அது திரும்பியதும் அதே வழியில்தான். தொடாமலே நோய் கணிக்கப்பட்டது. அம்மையார் பிழைக்கவில்லை.

இக்கடிதத்தை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடைபெறும் மார்பகச் சோதனை முழுவதும் தொடுதலே. பயிற்சி பெற்ற பெண் செவிலியர், மறைவான அறையில், இரு மார்பகங்களையும் அக்குளையும் விரல்களால் தடவிப் பார்க்கிறார். சில நிமிடங்களே ஆகும், கட்டணம் இல்லை. 2016 இல் வெளியான தேசிய வழிகாட்டுதலின்படி, 30 வயது நிரம்பிய பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனை செய்யப்பெறல் வேண்டும். அன்று மறுக்கப்பட்ட கை இன்று நமக்காகக் காத்திருக்கின்றது, போகாதிருப்பவர்கள் நாம்தாம்.

கையால் தடவிப் பார்ப்பதால் என்ன பயன் என்பார்க்கு மும்பையிலிருந்து விடை உண்டு. டாடா நினைவு மருத்துவமனையினர் 1998 இல் தொடங்கி, அந்நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். 2021 இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய குறைவு புலப்படவில்லை என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. எனினும் நோய் முற்றுமுன்னரே கண்டறியப்பட்டது, அதுவே பெரிது.

இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்பெறும் புற்றுநோய் இதுவே. 2022 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்ததென உலகப் புற்றுநோய்க் கணக்கீடு கூறுகின்றது. நகரத்துச் சீமாட்டிகளின் நோய் என்று நாம் எண்ணியிருந்த காலம் போய்விட்டது.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தாலன்றி நம் பெண்கள் ஒரு நாள் கூலியை விடுவார்களா? பால் கட்டு என்று பச்சிலைப் பற்றுப் போடுவார்கள், திருட்டி கழிப்பார்கள், கத்தி பட்டால் பரவிவிடும் என்று அஞ்சுவார்கள். மலையிலோ தொல்லை வேறு. கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் பெண், செவிலியர் வரும் நாளில் ஊரிலேயே இருப்பதில்லை. தோல் குழிவிழுதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் கட்டி ஆகியவற்றைக் கண்டால் ஐந்தாண்டுக் கணக்கெல்லாம் வேண்டா. அன்றே புறப்படுதல் வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அச்சமே பலரைத் தடுக்கின்றது. புற்றா அன்றா என்று உறுதி செய்வது ஊசியால் எடுத்த திசுவின் சோதனையே. அதனால் நோய் பரவும் என்பது வீண் அச்சம். தொடக்கத்திலேயே கண்டால் மார்பகத்தை முழுவதும் அகற்றாமலே பலர்க்கு மருத்துவம் செய்ய இயலும்.

இளைஞர்களே, சான்றிதழ் வாங்க அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கக் கற்றவர்கள் நீங்கள். அத்திறமையை உங்கள் தாய்க்கும் அத்தைக்கும் செலவிடுங்கள். படிவத்தை நிரப்புங்கள், காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். ‘மேல் மருத்துவமனைக்குச் செல்க’ என்று எழுதிய சீட்டுடன் வீடு திரும்பிய பெண், கள்ளக்குறிச்சிக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ உண்மையில் போய்ச் சேர்ந்தாரா என்று பத்து நாளில் கேட்டறியுங்கள். பலர் தவறிப் போவது அந்த இடைவழியிலேதான்.

சீட்டுப் பெற்ற பெண் ஒவ்வொருவர்க்கும் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் சங்க நிதியிலிருந்து வழங்குதல் வேண்டும் என்னும் தீர்மானத்தை, இன்று பிற்பகல் கூடும் பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கின்றோம். வழிமொழிய விரும்பும் தாய்மார்கள் இப்போதே பெயர் தரலாம்.