மலிவான இன்சூரன்ஸ் எது? முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பிமாருக்கு

(முச்சக்கர வண்டிச் சாரதிகளும் குடும்பத்தினரும் கலந்துகொண்ட தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் டீச்சர் ஏன் இன்சூரன்ஸைப் பற்றிப் பேசப் போகிறார், இது யூனியன் வேலையா என்று ஒரு அண்ணன் கேட்டார். ஆயிரம் ரூபாச் சம்பளத்துக்காக நாங்கள் எத்தனை வருடம் கத்தினோம், 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. ஒரு தம்பி தன்னுடைய வண்டிக்கு வருடத்துக்கு 10,000 ரூபா கூடுதலாகக் கட்டினால், 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் அது அவனுடைய அம்மாவின் ஏழு பேருக்கு மேல். மலையில் ஏறிக் கொழுந்து எடுத்த ஏழு நாள். அதனால் இது யூனியன் வேலைதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நமது லயங்களில் ஓடுகிற வண்டிகள் எந்தக் காசில் வந்தவை என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா பென்ஷன் போனபோது கிடைத்த சேமலாப நிதியில் முதல் கட்டு, மீதி லீசிங். இல்லாவிட்டால் அக்காவின் நகை அடகுக்கடையில். முப்பது வருட உழைப்பு மூன்று சக்கரத்தில் நிற்கிறது. அதைக் காப்பாற்றுகிற தாளை வாசிக்காமல் மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இலங்கையில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தர மாட்டார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இதுவும் இரண்டும் வேண்டும். ஆனால் தேர்ட் பார்ட்டி என்றால் மற்றவருக்கு நடந்த சேதத்துக்கு மட்டும்தான். உங்கள் வண்டி பள்ளத்தில் உருண்டால் அதில் ஐந்து சதமும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் சொந்த வண்டிக்கும் காசு. லீசிங் முடியும்வரை கம்பெனி ஃபுல் இன்சூரன்ஸ்தான் கேட்கும், அதில் பேச இடமில்லை. லீசிங் முடிந்த, பழைய, விலை இறங்கிய வண்டி என்றால் தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்று யோசிக்கலாம். என்னைக் கேட்டால், அந்த வண்டி ஒன்றுதான் வீட்டு வருமானம் என்றால் ஃபுல்லை விட வேண்டாம் என்பேன்.

இனி, மலிவு எங்கே கிடைக்கும்?

லீசிங் போடுகிற அன்று இன்சூரன்ஸையும் அவர்களே எழுதித் தருவார்கள். வண்டி கிடைத்த சந்தோஷத்தில் நாங்களும் காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிறோம். அந்த இன்சூரன்ஸ் காசையும் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி ஓடும். ஆகவே அன்றைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள். இன்சூரன்ஸ் காசை நான் கையில் கட்டலாமா? வேறு கம்பெனியில் எடுத்து வரலாமா? சில இடத்தில் சம்மதிப்பார்கள், சில இடத்தில் தங்கள் பட்டியலில் உள்ள கம்பெனிகளுக்குள் மட்டும் விடுவார்கள். அந்தப் பட்டியலுக்குள்ளும் விலை வித்தியாசம் இருக்கும். இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

முடிகிற திகதிக்கு முதல் நாள் ஓடாதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே மூன்று கம்பெனியிலாவது விலை எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், தாளில் வேண்டும். ஒப்பிடும்போது கடைசித் தொகையைப் பாருங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அது எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சிலர் வரி சேர்க்காத தொகையைச் சொல்லி மலிவு போலக் காட்டுவார்கள்.

அடுத்தது நோ கிளைம் போனஸ். ஒரு வருடம் முழுக்க நட்டஈடு கேட்காமல் ஓட்டினால் அடுத்த வருடக் கட்டணத்தில் ஒரு பங்கு கழியும், வருடத்துக்கு வருடம் அது கூடும். கம்பெனி மாறினால் அது போய்விடும் என்று பலர் பயந்து, விலை கூடினாலும் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். பழைய கம்பெனியிடம் நோ கிளைம் கடிதம் ஒன்று கேட்டு வாங்கிப் புதிய இடத்தில் கொடுங்கள். இது நீங்கள் பாடுபட்டுச் சேர்த்தது. சின்ன அடிக்கெல்லாம் போன் எடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். கணக்குக்குச் சொல்கிறேன்: கட்டணம் 40,000, போனஸ் 20 வீதம் என்றால் 8,000 ரூபா கழிவு. மட்காட் நெளிந்ததற்கு 5,000 ரூபா வாங்கிவிட்டு அந்த 8,000 ஐ இழப்பதில் என்ன இலாபம்? கராஜில் தட்டி எடுங்கள்.

விலையைக் குறைக்க இன்னொரு வழியை ஏஜென்ட்மாரே சொல்லித் தருவார்கள், அதில்தான் நமது பிள்ளைகள் விழுகிறார்கள். வண்டியின் பெறுமதியைக் குறைத்து எழுதுவது. 2020 இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இன்சூரன்ஸில் பழைய தொகையையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் 12 இலட்சம் போகிற வண்டியை 8 இலட்சத்துக்கு எழுதினால், கம்பெனி உங்களை மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டியவராகப் பார்க்கலாம். 90,000 ரூபா சேதம் என்றால் 60,000 என்று முடிப்பார்கள். அதிலும் முதலில் நாங்கள் போட வேண்டிய பங்கு, எக்ஸஸ் என்று சொல்வது, 10,000 இருந்தால் கைக்கு வருவது 50,000. மிச்சம் 40,000 க்கு மறுபடியும் அடகுக்கடை. அந்த எக்ஸஸ் தொகையையும் விலை கேட்கும்போதே கேளுங்கள். கட்டணம் குறைவாக இருந்து எக்ஸஸ் பெரிதாக இருந்தால் அது மலிவு இல்லை.

இதைவிட மோசமானது பாவனையை மாற்றி எழுதுவது. ஹயர் ஓடுகிற வண்டியைப் பிரைவேட் என்று போட்டால் கட்டணம் குறையும். நமது பக்கத்து டிவிஷனில் ஒரு தம்பிக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். டவுனிலிருந்து ஆள் ஏற்றி வரும்போது வளைவில் லொறி உரசிப் பக்கம் முழுக்கப் போனது. பார்க்க வந்த அதிகாரி முதலில் கேட்டது பின்னால் இருந்தது யார் என்று. ஹயர் என்று தெரிந்ததும் கோப்பு மூடப்பட்டது. எழுதிக் கொடுத்த ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. தம்பி லீசிங் தவணையை மட்டும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். படிவம் இங்கிலிஷில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர் என்றான். தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள், இல்லை என்றால் என்னிடமோ கிளைச் செயலாளரிடமோ கொண்டு வாருங்கள். ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகாது.

வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர்கள் முதலாளியின் தாளை வாங்கிப் பாருங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுவதற்கான வகுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபுல் இன்சூரன்ஸும் வெறும் தாள்தான். குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படித்தான், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எங்கள் பாடசாலை வாசலில் ஒரு வண்டியிலிருந்து ஏழு பிள்ளைகள் இறங்குவதையும் பார்க்கிறேன். மூன்று பேருக்கான வண்டி அது. ஒன்று நடந்தால் கம்பெனி எதைக் காட்டித் தட்டிக்கழிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கம்பெனி கிடக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் பெயரைக் காலையில் கூப்பிடுபவள் நான்.

நமது மலைக்கு ஏற்ற இன்னொரு கேள்வி, மண்சரிவும் வெள்ளமும் இதில் அடங்குமா என்பது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது மலையகம் பட்ட பாடு தெரியும்தானே. ஃபுல் என்ற பெயர் இருந்தால் எல்லாம் அடங்கும் என்று நம்பாதீர்கள். இயற்கை அனர்த்தத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டிய திட்டங்களும் இருக்கின்றன. மலிவாகச் சொன்ன விலையில் அதை எடுத்துவிட்டிருப்பார்கள். லயத்துக்கு மேலே மண்மேடு இருக்கும் தம்பிமார் அதைச் சேர்க்காமல் எடுக்கவே கூடாது.

வண்டி இல்லாத தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒன்று நடக்கும்போது பிழை செய்த வாகனத்தின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து நட்டஈடு கேட்கும் உரிமை, காயப்பட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் இருக்கிறது. பெரும்பாலும் நாங்கள் பொலிஸ் நிலையத்தில் சமாதானமாகி, செத்த வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். வாகன இலக்கத்தையும் இன்சூரன்ஸ் கார்டில் உள்ள கம்பெனி பெயரையும் குறித்துக்கொண்டு, முதலில் யூனியன் அலுவலகத்துக்கு வாருங்கள். சட்டத்தரணியிடம் நாங்கள் கூட்டிப் போகிறோம்.

நியாயமான கிளைமைக் கம்பெனி மறுத்தால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டாம். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே முறைப்பாட்டுக் கடிதம். அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. கடிதம் எழுதுவது என் வேலை, தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் வேலை.

கடைசியாகக் கிளையின் யோசனையைச் சொல்கிறேன். தனியாகப் போய் நின்றால் சொன்ன விலைதான். இருபது, முப்பது வண்டிகளின் விபரத்தோடு அட்டனில் நாலைந்து கம்பெனிக் கிளைகளுக்குப் போய், எல்லோருக்கும் சேர்த்து என்ன விலை தருவீர்கள் என்று கேட்கப் போகிறோம். அரசாங்கக் கூட்டுத்தாபனத்தையும் கேட்போம், தனியார் கம்பெனிகளையும் கேட்போம். எவ்வளவு குறையும் என்று இப்போது வாக்குத் தர மாட்டேன். கூட்டாகப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள், இதில் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். வண்டிப் புத்தகத்தின் கொப்பி, லீசிங் ஒப்பந்தம், இப்போதைய இன்சூரன்ஸ் தாள், சாரதி அனுமதிப்பத்திரம் நான்கையும் கொண்டு வாருங்கள். தாள் எங்கே என்று தெரியாதவர்கள் அம்மாவிடம் கேளுங்கள், டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும்.