விழுந்த மரம் யாருக்கு?

மழைக்காடு என்றதும் அமேசானும் புழுக்கமும்தான் நினைவுக்கு வரும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகவேண்டிய மழைக்காடும் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் இருக்கிறது ஹோ மழைக்காடு. பசிபிக் கடலின் ஈரக்காற்றை ஒலிம்பிக் மலைகள் மறிப்பதால், மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மலைக்கு மறுபக்கம் ஸீக்விம் என்ற ஊருக்கோ 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான் கிடைக்கிறது.

இந்தக் காட்டுக்குப் பக்கத்து ஊர் ஃபோர்க்ஸ். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். உலகத்தின் மரவெட்டுத் தலைநகர் என்று மார்தட்டிக்கொண்ட ஊர். இன்று வெளியூர்க்காரர்கள் பலர் அங்கே தேடிப் போவது ரத்தக்காட்டேரியை! ஸ்டெஃபனி மேயர் 2005-இல் வெளியிட்ட ‘ட்விலைட்’ நாவலின் கதை நடப்பது அங்கேதான். ஓயாமல் மழை பெய்யும் ஊர் எது என்று இணையத்தில் தேடித்தான் அவர் இந்த ஊரைப் பிடித்தார்.

காட்டேரிக் கடைகளோடு திரும்பிவிடாதீர்கள். ஊரிலுள்ள மர அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கும் நீண்ட ரம்பம்தான் மரவெட்டிகளின் ஆயுதம். சிட்கா ஸ்ப்ரூஸ் போன்ற பெருமரங்களின் அடி புடைத்துப் பரந்திருக்கும்; அதை அறுத்து மாளாது. அதனால் மரத்தில் கோடரியால் பள்ளம் கொத்தி, பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று அறுத்தார்கள். அந்தப் பள்ளங்களைப் பழைய அடிக்கட்டைகளில் இன்றும் பார்க்கலாம். எடை குறைவு, உறுதி அதிகம் என்பதால் முதல் உலகப் போரில் விமானம் செய்ய ஸ்ப்ரூஸ் தேவைப்பட்டது. மரம் வெட்டவே அமெரிக்க ராணுவம் தனிப்பிரிவு அமைத்தது.

1990-இல் நிலைமை மாறியது. பழமையான காடுகளை நம்பி வாழும் புள்ளி ஆந்தையின் இனம் ஆபத்தில் இருப்பதாக அரசு அறிவித்தது. அரசுக் காடுகளில் வெட்டு வெகுவாகக் குறைந்து, பலர் வேலையிழந்தார்கள். ஆந்தை பெரிதா, எங்கள் வீட்டு அடுப்பு பெரிதா என்று ஊர் கொதித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் காடு என்ன சொல்கிறது? 1938 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பகுதிக்குள் நடந்து பாருங்கள். மேப்பிள் மரக்கிளைகளில் பாசி மெத்தை மெத்தையாகத் தொங்கும். அந்தப் பாசிக்குள் சேரும் மண்ணில், கிளையிலிருந்தே வேர்விட்டு மேப்பிள் உணவு எடுத்துக்கொள்கிறது என்பதை நளினி நட்கர்னி என்ற ஆய்வாளர் 1981-இல் வெளியிட்டார்.

கீழே புதர் மண்டிய தரையில் விதை தலைதூக்குவது கஷ்டம். விழுந்து கிடக்கும் மரத்தின் முதுகில் விழுந்த விதைக்குத்தான் வெளிச்சமும் ஈரமும் கிடைக்கிறது. கன்றுகள் வளர்ந்து, கட்டையின் இருபுறமும் வேரிறக்கி மண்ணைப் பிடிக்கின்றன. நூற்றாண்டுகள் கழித்துக் கட்டை மக்கிப் போனபின், பெருமரங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கின்றன, வேர்களுக்கடியில் வெற்றிடத்தோடு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இந்த மரங்களுக்கும் பொருந்தும்.

நட்டு, நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அறுத்து லாரியில் ஏற்றும் தோப்பில் மரம் கிடைக்கும், கூலியும் கிடைக்கும். அடுத்த தலைமுறையைச் சுமக்க முதுமரம் ஒன்று விழுந்து கிடக்காது. தோப்பும் வேண்டியதுதான், ஆனால் காட்டின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.