ஆயா கையில இருந்த கோலம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தப்போ சும்மா எண்ணிப் பார்த்தேன். ஸ்டாப்புல மொத்தம் பதினோரு பேர். அதுல நாலு பேர் உடம்புல டாட்டூ. ஒரு பையன் கழுத்துல சிறகு. இன்னொரு பையன் கையில சிவன். ஒரு பொண்ணு மணிக்கட்டுல 'அம்மா'ன்னு எழுத்து. நாலாவது, பூக்கூடையோட உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா. அவங்க முன்கையில மங்கிப்போன கோடுகள்.

அந்த அம்மா கையில இருக்கிறதை மட்டும் நாம டாட்டூன்னு சொல்ல மாட்டோம். பச்சைன்னு சொல்வோம். ஊசி அதே ஊசி, தோல் அதே தோல். அப்புறம் ஏன் ரெண்டு பேரு? ஏன் ரெண்டு விதமான மரியாதை? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறேன். இதுல எங்க வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும்.

எங்க ஆயாவுக்கு ஊரு பூந்தமல்லி தாண்டி, திருமழிசை பக்கம் ஒரு கிராமம். அவங்க வலது முன்கையில ஒரு சிக்குக் கோலம் இருந்துச்சு. புள்ளியைச் சுத்திச் சுத்திப் போற கோடு. சின்ன வயசுல நான் அவங்க மடியில படுத்துக்கிட்டு அந்தக் கோட்டை விரலால தடவிக்கிட்டே போவேன். எங்க ஆரம்பிச்சாலும் திரும்ப அங்கேயே வந்து சேரும். "கோடு அறுந்தா கோலம் இல்லடி"ன்னு ஆயா சொல்வாங்க.

அவங்களுக்குப் பதினொரு, பன்னெண்டு வயசு இருக்கும்போது குத்தினது. அப்படின்னா 1950-ஐ ஒட்டின வருஷங்கள். அறுப்பு முடிஞ்சதும் ஒரு குறத்தி ஊருக்குள்ள வருவாங்களாம். தையல் ஊசி நாலஞ்சை நூலால சேர்த்துக் கட்டி வச்சிருப்பாங்க. முதல்ல கோலத்தைத் தோல் மேல வரைஞ்சுட்டு, அப்புறம் ஊசியால குத்திக்கிட்டே போவாங்க. பிள்ளை அழாம இருக்கப் பாட்டு பாடுவாங்க. கூலி ஒரு படி அரிசி, வெத்தலை பாக்கு, சில நேரம் ஒரு பழைய புடவை.

மை எப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டப்போ ஆயா ஒண்ணு சொன்னாங்க. அந்தக் கரியைக் குழைக்கப் பக்கத்து வீட்டுல குழந்தை பெத்திருந்த அக்காகிட்ட கொஞ்சம் தாய்ப்பால் வாங்கிட்டு வந்தாங்களாம். எனக்கு நம்பவே முடியல. ஆயா கதை விடுறாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாள் எட்கர் தர்ஸ்டன் எழுதின புத்தகத்தைப் புரட்டினேன். இவர் எழும்பூர் அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளரா இருந்த வெள்ளைக்காரர். தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909-ல ஏழு தொகுதியா வெளியிட்டார். அதுல குறவர் பெண்கள் பச்சை மை செய்யற விதம் இருக்கு. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் அரைச்சு, மெல்லிய துணியில வச்சுத் திரியா சுருட்டணும். விளக்கெண்ணெய் விளக்குல அதை எரிய விட்டு, மேல புதுச் சட்டியைக் கவிழ்க்கணும். சட்டிக்குள்ள படியற கரியைச் சுரண்டி, தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ குழைக்கணும். ஆயா கதை விடலை.

அந்தக் கரி தோலுக்கு அடியில போய் உட்கார்ந்தா கருப்பா தெரியாது, நீலப்பச்சையா தெரியும். அதனாலதான் நம்ம ஊர்ல இதுக்குப் பச்சைன்னே பேரு. கோலத்துக்கும் பச்சைக்கும் உறவு இருக்குன்னு வெளியில இருந்து வந்தவங்களும் கவனிச்சிருக்காங்க. ஜான் லேயர்டுன்னு ஒரு பிரிட்டிஷ் மானிடவியலாளர், வாசல்ல போடுற கோலத்தையும் கையில குத்துற கோலத்தையும் பக்கத்துல வச்சு 1937-ல ஒரு கட்டுரை எழுதினார். வாசலைக் காக்கிற கோடு உடம்பையும் காக்கும். ஆயா இதை ஒரே வரியில சொல்லிடுவாங்க: "வீட்டுக்கு வாசல் இருக்கிற மாதிரி உடம்புக்கும் இருக்குடி."

சரி, கொஞ்சம் ஊரை விட்டு வெளியே போவோம். 1991-ல ஆல்ப்ஸ் மலையில, இத்தாலி ஆஸ்திரியா எல்லைகிட்ட, பனிக்குள்ள ஒரு மனுஷனோட உடம்பு கிடைச்சுது. ஓட்ஸின்னு பேரு வச்சாங்க. செத்து ஏறக்குறைய 5,300 வருஷம். அவர் உடம்புல 61 பச்சைக் கோடுகள். பெரும்பாலும் கீழ்முதுகு, முட்டி, கணுக்கால். அந்த மூட்டுகள்ல சிலது தேஞ்சிருந்ததால, வலிக்கு வைத்தியமா குத்தியிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைக்கிறாங்க. கிட்டத்தட்ட அதே காலத்து எகிப்து உடம்பு ஒண்ணு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அதோட தோள்ல காளை மாதிரி ஒரு உருவம் குத்தியிருக்கிறது 2018-லதான் வெளியில தெரிஞ்சுது. நூறு வருஷத்துக்கு மேல அது வெறும் அழுக்குன்னு நினைச்சுட்டு இருந்தாங்க.

டாட்டூங்கிற வார்த்தையே பசிபிக் தீவுகள்ல இருந்து வந்தது. டஹிட்டி, சமோவா பக்கம் 'டாட்டாவ்'னு சொல்வாங்க. 1769-ல கேப்டன் குக் கப்பல் டஹிட்டிக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்தச் சொல் இங்கிலீஷுக்குள்ள வருது. இன்னிக்கு நீங்க ஸ்டூடியோவுல 'கிர்ர்ர்'னு கேக்குற மெஷினுக்கு நியூயார்க்ல சாமுவேல் ஓ'ரைலி 1891-ல காப்புரிமை வாங்கினார். எடிசன் பேப்பர்ல ஓட்டை போடக் கண்டுபிடிச்ச எலக்ட்ரிக் பேனாதான் அதுக்கு அடிப்படை.

உடம்புல நிரந்தரமா அடையாளம் வச்சுக்கிறது நம்ம பக்கத்துல பக்தியாவும் இருக்கு. பூந்தமல்லி திருக்கச்சி நம்பி பிறந்த ஊரு. வைணவத்துல சமாஸ்ரயணம்னு ஒரு சடங்கு உண்டு. சங்கு, சக்கர முத்திரையைச் சூடு பண்ணி ரெண்டு தோள்லயும் பதிப்பாங்க. கட்சிக்காரங்களும் விட்டு வைக்கல. கட்சிக் கொடியைக் கையில பச்சை குத்திக்கச் சொன்னவர் எம்.ஜி.ஆர். 2016-ல ஜெயலலிதாவோட 68-வது பிறந்தநாளுக்கு அவர் முகத்தையே குத்திக்கிட்ட தொண்டர்கள் இருக்காங்க.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. நாமளா விரும்பி வச்சுக்கிற அடையாளம் வேற, அடுத்தவன் நம்ம மேல வைக்கிற அடையாளம் வேற. 1797-ல கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துல ஒரு சட்டம் போட்டுது. ஆயுள் தண்டனைக் கைதியோட நெத்தியில, அவன் செஞ்ச குற்றத்தைப் பச்சை குத்தணும். 1849-லதான் அதை நிறுத்தினாங்க. ஜப்பான்லயும் ஒரு காலத்துல குற்றவாளிகளுக்குக் கையில, நெத்தியில குத்தியிருக்காங்க.

நெத்தியில குத்துறது நின்னுச்சு. ஆனா 1871-ல குற்றப்பரம்பரைச் சட்டம் வந்துச்சு. 1911-ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இப்போ ஊசியே தேவையில்லை. பிறந்தாலே குற்றவாளி. அந்தப் பட்டியல்ல குறவர்களையும் சேர்த்தாங்க. ஊர் ஊரா நடந்து போய்ப் பச்சை குத்தின சமூகம், ஊர் விட்டு ஊர் போகப் போலீஸ்கிட்ட சொல்லிட்டுப் போகணும். சென்னை மாகாணம் 1947-ல அந்தச் சட்டத்தை எடுத்துச்சு. நாடு முழுக்கப் போக 1952 ஆச்சு. அப்படின்னா எங்க ஆயா கையைப் பிடிச்சுக் கோலம் போட்ட அந்த அம்மா, தன் வாழ்க்கையில பெரும்பகுதி அந்தச் சட்டத்துக்குக் கீழ வாழ்ந்தவங்க.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். குறவர் வேற, நரிக்குறவர் வேற. மொழியே வேற. நரிக்குறவர் பேசறது வாக்ரி போலி. 2022 ஏப்ரல்ல முதலமைச்சர் வந்து சாப்பிட்டுப் போனாரே, ஆவடியில, அது நரிக்குறவர் குடியிருப்பு. அவங்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கிற சட்டமே அந்த வருஷம் டிசம்பர்லதான் நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு. நாம ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசறதும் அடுத்தவங்க மேல ஒரு முத்திரை குத்துறதுதான்.

இப்போ எங்க அம்மா. அவங்களுக்கும் பத்து வயசுல குத்தினாங்க. இடது கையில ஒரு தேள். 1990-கள்ல அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலைக்குச் சேர்ந்தாங்க. முதல் வாரமே லைன்ல ஒருத்தர் அந்தக் கையைப் பார்த்துட்டு, "எந்தக் காட்டுல இருந்துமா வர்றே?"ன்னு கேட்டிருக்கார். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைச்சு அந்தத் தேள் மேல அப்பிக்கிட்டாங்க. பச்சை போகலை. தோல்தான் போச்சு. அதுக்கப்புறம் அவங்க முழுக்கை ஜாக்கெட் இல்லாம வெளியே போய் நான் பார்த்ததில்லை.

இது எனக்குத் தெரியாது. காலேஜ் முடிச்சதும் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், "ஆயா கையில இருக்கிற கோலத்தைக் குத்தணும், எவ்வளவு?"ன்னு கேட்டேன். ஆறாயிரம்னாங்க. இந்த டிசைன் இப்போ ட்ரெண்டுன்னாங்க. சந்தோஷமா வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா எதுவும் பேசலை. எழுந்து அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. ஆயாதான் எல்லாத்தையும் சொன்னாங்க. ஒரு படி அரிசிக்குக் குத்தினப்போ காட்டுத்தனம். ஏசி ரூம்ல ஆறாயிரம் குடுத்தா ஸ்டைல். நடுவுல எங்க அம்மா தோல் வெந்து போச்சு. நான் குத்திக்கலை.

உங்களைக் குத்திக்காதீங்கன்னு சொல்ல வரலை. ஆனா ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சுட்டுப் போங்க. எங்க அத்தை பையன் ஆவடியில இருக்கான். டாங்க் ஃபேக்டரியும் ஏர்ஃபோர்ஸும் இருக்கிற ஊரு, அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே ஆர்மி கனவு. ரெண்டு வருஷம் விடியக்காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடினான். ஓட்டம் பாஸ். மெடிக்கல்ல தோள்பட்டைக்குக் கீழ இருந்த சிங்கத்தைப் பார்த்து வெளியே அனுப்பிட்டாங்க. ராணுவத்துல முன்கையோட உள்பக்கம், புறங்கை, இந்த இடங்கள்ல மட்டும்தான் நிரந்தர டாட்டூவை அனுமதிக்கிறாங்க. வழக்கப்படி குத்திக்கிற பழங்குடியினருக்கு மட்டும் சலுகை உண்டு. அவன் இப்போ லேசர்ல அழிச்சுட்டு இருக்கான். குத்தினது ஒரே நாள், அழிக்கிறது மாசக்கணக்கு.

அடுத்தது ஊசி. உங்க கண்ணு முன்னாடி புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்க. மையையும் புதுக் கப்புல ஊத்தச் சொல்லுங்க. ஒருத்தருக்குப் பயன்படுத்தினதை இன்னொருத்தருக்குப் பயன்படுத்தினா ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி எல்லாம் பரவும். அந்தக் கால ஊசிக்கும் இதே ஆபத்து இருந்துச்சு, அதை மறைக்க வேண்டாம். குத்திக்கிட்டா ஒரு வருஷம் ரத்த தானம் பண்ண முடியாது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பச்சை ஏன் அழியறதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா? தோலுக்குள்ள மேக்ரோபேஜ்னு பாதுகாப்பு செல்கள் இருக்கு. வெளியில இருந்து வந்த மையை அதுங்க விழுங்கிடும், ஆனா செரிக்க முடியாது. பிரான்ஸ்ல 2018-ல எலிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. மையை வச்சிருக்கிற செல் செத்துப் போனா, அது விட்ட மையை அடுத்து வர்ற செல் எடுத்து வச்சுக்குது. அப்படியே கை மாறி மாறி நிக்குது.

போன தை மாசம் ஆயா போயிட்டாங்க. குளிப்பாட்டும்போது மூக்குத்தி, தோடு, வளையல்னு ஒவ்வொண்ணா கழட்டினாங்க. "கடைசியில கூட வர்றது பச்சை மட்டும்தான்"னு ஆயா அடிக்கடி சொல்வாங்க. அம்மா ஈரத்துணியால அந்தக் கோலத்தைத் துடைச்சாங்க. துடைச்சுட்டே இருந்தாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஒரு பேப்பர் எடுத்துட்டு வா"ன்னாங்க. அம்மா புள்ளியை எண்ணிச் சொல்லச் சொல்ல, நான் வரைஞ்சேன். கோடு எங்கயும் அறுந்துடாம.

அந்தப் பேப்பர் என்கிட்ட இருக்கு. இந்த மார்கழியில அம்மா அதே கோலத்தை வாசல்ல போட்டாங்க. விடியக்காலையில யாரும் இல்லைன்னு நினைச்சு, ஜாக்கெட் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாங்க. தேள் இருந்த இடத்தை நான் முதல் தடவையா பார்த்தேன். கொடுக்கு மட்டும் இன்னும் இருக்கு.

உங்க வீட்டுல ஆயாவோ பாட்டியோ இருந்தா, அவங்க கையை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. குத்தினவங்க யாரு, எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, கூலியா என்ன குடுத்தீங்கன்னு கேளுங்க. கேட்டதை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.