கடைக்கு வராத ஆட்டம்

நடுவர் அவர்களே! "பேர் வராத உழைப்பு வீண்"னு எதிரணி அண்ணன் முழங்கிட்டுப் போனார்.

அமெரிக்காவில் கேரல் ஷா என்றொரு பெண்மணி. 1978-ல் அட்டாரி கம்பெனியில் சேர்ந்து 'போலோ' என்று ஒரு வீடியோ கேம் எழுதினார். கம்பெனி அதை விற்பனைக்கே விடவில்லை! அடுத்து, நாலடுக்கில் 64 கட்டம் வைத்து ஒரு ஆட்டம். கடைக்கு வந்தது, பெட்டியில் அவர் பேர் இல்லை. அங்கே யாருக்குமே பேர் போடும் வழக்கம் அப்போது கிடையாது. நம்ம வீட்லயும் அப்படித்தானே? சோறாக்குறது அம்மா, குக்கர் மேல கம்பெனி பேரு!

சோர்ந்து உட்கார்ந்தாரா? 1982-ல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 'ரிவர் ரெய்டு' படைத்தார். இருந்த இடமோ வெறும் 4 கிலோபைட். நீண்ட ஆற்றை அதில் படமாக அடைக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் ஓட ஓட, கணக்கே ஆற்றை வரைந்துகொண்டு போனது! அங்கே பேரும் போட்டார்கள். 2017-ல் விருதும் வந்தது.

வேலை முன்னால நின்னுச்சு; பேர் பின்னால வந்துச்சு. பேருக்காக மட்டும் உழைத்திருந்தால், போலோவோடு நின்றிருப்பாரே! நிலைப்பது செயலே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவரே.