கரைக்கு எட்டாத குரல்



நம் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரையில் எட்டு மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை ஆகியன அவற்றுட் சில. இவ்வூர் ஆடவர்கள் சுறாவும் சூரையும் தேடி இலட்சத்தீவுக்கும் அப்பால் செல்பவர்கள். புறப்பட்டால் திரும்பி வர ஒரு மாதமும் ஆகும். அதற்கு மேலும் ஆகும். படகில் பத்துப் பன்னிரண்டு பேர், சுற்றிலும் நீர். இடர் நேர்ந்தால் தாமே பிழைத்துக்கொள்ள வேண்டியவர்கள். அரிசி, குடிநீர், டீசல், பனிக்கட்டி, இயந்திரத்தின் உதிரிப் பாகங்கள் அனைத்தையும் கணக்கிட்டு ஏற்றிக்கொள்வார்கள். தனித்து நின்று ஆபத்தைச் சமாளிக்கும் ஆயத்தத்தை நாஞ்சில் நாட்டு வயற்புறத்தில் வளர்ந்த நம்மைக் காட்டிலும் அவர்கள் நூறு மடங்கு அறிவார்கள். அத்தகையோருக்கு 2017ஆம் ஆண்டில் எது கைகொடுக்கவில்லை என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அவ்வாண்டு நவம்பர் 29ஆம் தேதி தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தோன்றிற்று. மறுநாளே அது குமரிமுனைக்குத் தெற்கே புயலாக வலுத்துவிட்டது. ‘ஒக்கி’ என்பது வங்காள தேசம் இட்ட பெயர். அம்மொழியில் கண் என்று பொருள். நம் மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. புயலோ அங்கே நில்லாமல் இலட்சத்தீவை நோக்கி, அதாவது நம் படகுகள் மீன்பிடித்துக்கொண்டிருந்த கடலை நோக்கியே, நகர்ந்தது.

கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டது உண்மை. கரையில் இருந்தவர்களுக்கு அது போதும். பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுச் சென்றவர்களுக்கு அதனால் என்ன பயன்? ‘போகாதே’ என்ற சொல், போய்விட்டவன் காதில் விழுந்தாலும் பொருளற்றது. பலர் காதில் அது விழவும் இல்லை. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தன. அந்த டிசம்பரில் நான் சின்னத்துறைக்குச் சென்றிருந்தேன். கோயில் முற்றத்தில் அமர்ந்திருந்த பெண்கள் அரிசி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. எதிர்ப்பட்டவரிடமெல்லாம், “ஏதாவது தகவல் வந்ததா?” என்றே கேட்டார்கள்.

படகுகளில் கருவி இல்லாமல் இல்லை. மீனவர்கள் ‘வயர்லெஸ்’ என்று வழங்கும் வி.எச்.எப். கருவி பெரும்பாலான படகுகளில் இருந்தது. அது ஏன் பயன்படவில்லை? இங்கே சிறிது பௌதிகம் பேச வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கற்பித்த பழக்கம் என்னை விடுவதாக இல்லை. அந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே தொடுவானத்துக்குச் சற்று அப்பால் அவை எட்டுவதில்லை. எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்குங்கள்; இரு முனைகளுக்கும் அவ்வாறு செய்து கூட்டினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஐந்து மீட்டர் உயர ஏரியல் உள்ள இரு படகுகள் 18 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 49 மீட்டர்க் கோபுரம் எழுப்பினாலும் 37 கிலோமீட்டர்தான். அது சுமார் 20 கடல் மைல். படகு நின்றதோ நூற்றுக்கணக்கான கடல் மைலுக்கு அப்பால். கருவியில் பழுதில்லை; இடையில் பூமியின் வளைவு நின்றது.

இந்த வரம்பை மீனவர்கள் தம் அனுபவத்தால் அறிந்தே இருக்கிறார்கள். ஒரு படகு கேட்ட செய்தியை அடுத்த படகுக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். திருவிழாவில் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவது போன்ற ஏற்பாடு இது. ஆனால் புயலில் படகுகள் சிதறியபின் கைமாற்ற ஆள் எங்கே? சில நாட்கள் கழித்து, 68 படகுகள் 952 மீனவர்களுடன் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கக் கரையில் ஒதுங்கிய செய்தி வந்தது. அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பது அதுவரை வீட்டாருக்குத் தெரியாது.

கருவி இருந்தால் மட்டும் போதாது, மறுமுனையில் கேட்பவர் வேண்டும் என்பதற்கு 1912ஆம் ஆண்டின் டைட்டானிக் விபத்தே சான்று. அதற்கு அருகில் ‘கலிபோர்னியன்’ என்ற கப்பல் நின்றிருந்தது. அதன் வயர்லெஸ் பணியாளர், பனிப்பாறை மோதுவதற்குச் சற்று முன்னர்தான் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். வெகு தொலைவில் இருந்த ‘கார்பேதியா’வின் பணியாளரோ படுக்கைக்குப் போகும் வேளையில் காதுபேசியைக் கழற்றாமல் இருந்தார். எழுநூறு பேர் பிழைத்தது அந்தத் தற்செயலால். கப்பல்களில் இருபத்துநான்கு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி அதன் பின்னரே ஏற்பட்டது.

ஒக்கிக்குப் பின் நம் நாட்டிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் புயல் எச்சரிக்கையைப் பெற்று, கைபேசித் திரையில் காட்டும் கருவி இது. ஆனால் அதற்குக் காது உண்டு, வாய் இல்லை. படகிலிருந்து மறுமொழி அனுப்ப அதனால் இயலாது. ஆபத்தைத் தெரிவிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வேறொரு கருவியை முன்பே வழங்கியிருந்தது. அதன் புதிய வடிவம் 2024 ஜனவரியில் வெளிவந்தது. பொத்தானை அழுத்தினால் படகின் இருப்பிடம் கடலோரக் காவல் படையின் மீட்பு நிலையத்துக்குச் செல்லும்; ‘உங்கள் குரல் கிடைத்தது’ என்ற மறுமொழியும் படகுக்கு வரும். அந்த மறுமொழியையே நான் பெரிதாக மதிக்கிறேன். தான் கூவியது யாருக்கேனும் கேட்டதா என்று அறியாத மனிதன் அலையோடு போராடும் வலிமையில் பாதியை இழந்துவிடுகிறான்.

இனிக் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது புதுச்சேரியை அடுத்த நல்லவாடு ஊரார் பெருந்தொகையாக உயிர் தப்பினர். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுவதற்கும் சொல்லிற்று. அதே நாளில் அந்தமானில் தொலைபேசி அறுந்தது. பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் வானொலிக்காக அம்மாதமே போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தனர். அவர்களுடைய சிற்றலைக் கருவி, உயிரோடிருப்போர் செய்தியைப் பெருநிலத்துக்கு அனுப்பியது. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பூமியின் வளைவு அதைத் தடுப்பதில்லை. இக்கருவியை இயக்க அரசு தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் அதை எழுதலாம். மாணவர்களாகிய உங்களுள் சிலரேனும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மற்றவர்கள் வீட்டளவில் செய்யத்தக்கன சில உள்ளன. மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணி நேரமே ஓடும். ஆகவே சிறு வானொலிப் பெட்டி ஒன்றும் அதற்குரிய மின்கலங்களும் வீட்டில் இருக்கட்டும். அழைப்பு கிட்டாத வேளையிலும் குறுஞ்செய்தி சில சமயம் சென்று சேரும். ஊரில் எல்லோரும் எல்லோரையும் அழைப்பதைவிட, சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஓர் உறவினரை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, குடும்பத்தார் அனைவரும் அவருக்கே செய்தி சொல்வது நல்லது. செய்தி நீள வேண்டியதில்லை: யார், எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதன் கீழே இரண்டு எண்களையும் குறியுங்கள்: மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் படை 1554.