கம்பி வந்த பிறகு

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் வேலையில் சேர்ந்திருப்பீர்கள். பெரிய நிறுவனமாக இருந்தால் அதன் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் சில பக்கங்கள் இருக்கும். கணினி முன் குழந்தைகள் அமர்ந்திருக்கும் படமும், இத்தனை பள்ளிகள், இத்தனை கிராமங்கள் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கும். இன்று அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். இணையச் சேவை தரும் ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தால், இணையம் இன்னும் எட்டாத மக்களை உள்ளே அழைத்துவர முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பணம் கம்பியோடும் கருவியோடும் நின்றுவிட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு அது போய்ச் சேர வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், ‘இன்டர்நெட் எசென்ஷியல்ஸ்’ என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 9.95 டாலருக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கியது. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளை இருந்த வீட்டுக்கு அது கிடைத்தது. கூடவே 150 டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு கணினி, அதைக் கையாள இலவசப் பயிற்சி. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அங்கே ஒரு நிறுவனம் இணைப்பை முதலில் வைத்தது. இங்கே ஓர் அரசு கருவியை முதலில் வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை, எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்று பாரத்நெட் என்று நாம் அழைப்பது அதைத்தான். இப்படிக் கருவியும் கம்பியும் தனித்தனி வழியில் புறப்பட்டன. 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கின்படி, இந்தியக் கிராமங்களில் நூறு வீடுகளில் நான்கைந்து வீடுகளில்தான் கணினி இருந்தது; ஏறத்தாழ பதினைந்து வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. கருவி, இணைப்பு, பயிற்சி மூன்றையும் ஒரே வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க நினைத்ததற்காகவே காம்காஸ்டின் திட்டத்தை நாம் உன்னித்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் திட்டம் நல்லெண்ணத்தால் மட்டும் பிறந்ததில்லை. என்பிசி யுனிவர்சல் என்ற ஊடக நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள காம்காஸ்ட் அனுமதி கேட்டபோது, அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2011 ஜனவரியில் விதித்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. மூன்று ஆண்டுகள் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2014இல் கெடு முடியும் வேளையில், திட்டத்தைக் காலவரையின்றித் தொடர்வதாக நிறுவனம் அறிவித்தது. அப்போது டைம் வார்னர் கேபிள் என்ற மற்றொரு கேபிள் நிறுவனத்தை வாங்குவதற்கான அனுமதியை அது எதிர்நோக்கியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கொள்முதல் 2015இல் கைவிடப்பட்டது. ஆனால் திட்டம் நிற்கவில்லை. லாபம் கருதிச் செய்வது எப்படிச் சமூகப் பணியாகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன். நிறுவனத்துக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், புதிய வாடிக்கையாளர்களும் கிடைக்கட்டும். ஆதாயம் இருப்பதால்தான் அது நீடிக்கிறது. நாம் கேட்க வேண்டியது அதன் விதிகளை யார் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்பதே.

ஏனென்றால் விதிகளில்தான் பலரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். காம்காஸ்ட் தொடக்கத்தில் வைத்த விதிகளைப் பாருங்கள். கடந்த 90 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்திருந்தவருக்குச் சலுகை கிடையாது. நிறுவனத்துக்குப் பாக்கி வைத்திருந்தவருக்கும் கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதந்தோறும் முழுக் கட்டணம் செலுத்திவந்த தாய் முதல் விதியில் விழுந்தார். செலுத்த முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்ட தாய் இரண்டாவது விதியில் விழுந்தார். இருவரும் ஏழைகள், இருவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இலவச உணவு உண்டவர்கள். வேகமோ முதலில் நொடிக்கு 1.5 மெகாபிட்; 2020இல் பெருந்தொற்று தொடங்கியபோது அது 25 மெகாபிட் ஆனது. அந்த ஆண்டு வகுப்புகள் வீட்டுக்கு மாறியபோது, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் காணொளியில் படிக்க இந்த இணைப்பு போதாது என்று பால்டிமோர் நகரப் பள்ளி மாணவர்கள் இயக்கமாகத் திரண்டு குரல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வேகம் 50 மெகாபிட்டாக உயர்ந்தது. வாங்குபவர் பேசியதால் திட்டம் மேம்பட்டது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருங்கள் என்று யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இத்தனை குறைகளோடும் அந்தத் திட்டம் பலன் தந்ததா? தந்தது. பொருளியலாளர் ஜார்ஜ் ஜுவோ 2021இல் வெளியிட்ட ஆய்வு, திட்டம் கிடைத்த இடங்களையும் கிடைக்காத இடங்களையும், தகுதி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. திட்டம் எட்டிய பகுதிகளில், தகுதியுள்ள ஏழைகளில் வேலையில் இருப்போரின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். இணைப்பை வாங்காதவர்களையும் சேர்த்து எடுத்த கணக்கு இது என்பதை நினைவில் வையுங்கள். அப்படிப் பார்த்தால் இது பெரிய மாற்றம்.

இதெல்லாம் அரசின் கடமை, நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பதே தவறு என்பது அடுத்த மறுப்பு. கொள்கை அளவில் எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் அரசின் பணமும் ஒரு நாள் நின்றுபோகிறது. அமெரிக்க அரசு 2021 இறுதியில் தொடங்கிய கட்டணச் சலுகைத் திட்டம் ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை ஏற்றுக்கொண்டது. சுமார் 2.3 கோடிக் குடும்பங்கள் அதில் சேர்ந்திருந்தன. நாடாளுமன்றம் மேலும் நிதி ஒதுக்காததால் 2024 நடுவில் அது முடிந்துபோனது. நிறுவனங்கள் பக்கமும் இதே கதை உண்டு. இந்திய ரயில் நிலையங்களில் ரெயில்டெல்லுடன் சேர்ந்து கூகுள் 2016இல் தொடங்கிய இலவச வைஃபை நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. 2020இல் கூகுள் அதிலிருந்து விலகிக்கொண்டது. ஆனால் அந்த நிலையங்களில் வைஃபை அணையவில்லை. ரெயில்டெல் என்ற பொதுத்துறை நிறுவனம் பின்னால் நின்றது. பொதுத்துறையும் தனியாரும் ஒரே பணியில் சேர்ந்து நிற்கும்போது ஒருவர் விலகினாலும் மற்றவர் தாங்குவார் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

இந்தியச் சட்டம் இந்தப் பங்கீட்டுக்கு நல்ல அடித்தளம் போட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை, எல்லோருக்கும் சேவை கிடைக்க வேண்டும் என்பதற்காக 2002 முதல் ஒரு நிதிக்குச் செலுத்திவருகின்றன. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயர் தந்தது. கோபுரத்துக்கும் கம்பிக்கும் பணம் அங்கிருந்து வருகிறது. அலுவலக வழக்கில் சி.எஸ்.ஆர். என்று சொல்லும் சமூகப் பொறுப்புச் செலவு வேறு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். இதன் விதிகளில் முக்கியமான ஒன்று உண்டு: நிறுவனம் தன் வழக்கமான தொழிலையே சி.எஸ்.ஆர். என்று கணக்குக் காட்ட முடியாது. அப்படியானால் இணைய நிறுவனம் இணைப்பு விற்பதை இந்தக் கணக்கில் எழுத முடியாது. அந்தப் பணம் அதன் தொழிலுக்கு வெளியே, மக்களின் கல்விக்கும் திறனுக்கும் போக வேண்டும். கம்பிக்கு ஒரு பணப்பெட்டி, கற்பித்தலுக்கு ஒரு பணப்பெட்டி என்று சட்டமே பிரித்துவைத்திருக்கும்போது, இரண்டாவது பெட்டியில் இருப்பதைச் சுவரொட்டிக்கும் திறப்பு விழாவுக்கும் செலவிடுவது பெரும் இழப்பு.

இன்றைக்கு டேட்டாதான் மலிவாகிவிட்டதே, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, இன்னும் யாரை உள்ளே அழைத்துவர வேண்டும் என்று கேட்பீர்கள். 2016க்குப் பிறகு விலை வெகுவாகக் குறைந்தது உண்மைதான். அதன் பிறகு, 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர்தான் என்றது. ஆண்களில் அது பாதிக்கு மேல். ஒரே ஊரில், ஒரே கோபுரத்தின் கீழ், ஒரே வீட்டுக்குள் இருக்கும் இடைவெளி இது. விலை மட்டும் இதை மூடாது. ஓர் இ-சேவை மையத்தை நினைத்துப் பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு மூதாட்டி வந்திருக்கிறார். ஆதாரில் இருப்பது மகனின் எண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருக்கிறார். ஓடிபி அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. மையத்துக்காரர் அழைத்து, அவர் மெஷினை விட்டு வந்து, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. நாளைக்கு வாங்க பாட்டி என்கிறார்கள். அந்த மையத்தில் இணைப்பு இருக்கிறது, கணினியும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்கு இணையம் இல்லை. சேவையின் வடிவமைப்பும் ஆளை வெளியே நிறுத்தும்: அமில வீச்சால் கண் சிமிட்ட முடியாமல் போனவர்கள், கேமரா முன் கண் சிமிட்டினால்தான் வங்கிச் சேவை என்ற நடைமுறையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரலில் நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்தத் திரையை வடிவமைத்தவர்களும் உங்களைப் போல் நன்கு படித்த பொறியாளர்கள்தான்.

மனிதரை நம்பிச் செய்த பெரிய முயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. கூகுளும் டாட்டா அறக்கட்டளைகளும் 2015இல் தொடங்கிய ‘இன்டர்நெட் சாத்தி’ திட்டம், கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, கருவிகளைக் கையில் கொடுத்து, சுற்றுவட்டார ஊர்களின் பெண்களுக்குச் சொல்லித்தர அனுப்பியது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இப்படிப் பயிற்றுநர்களானார்கள், சுமார் 3 லட்சம் கிராமங்களில் 3 கோடிப் பெண்களை எட்டினார்கள் என்று திட்டத்தை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். எட்டியது என்பது அவர்களே எடுத்த கணக்கு. அவர்களில் எத்தனை பேர் இன்றும் தாமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. ஆனால் அந்த வழி சரியானது. வெட்கப்படாமல் இரண்டாம் முறை, பத்தாம் முறை கேட்க, தன் ஊர்ப் பேச்சில் பதில் சொல்ல, பக்கத்துத் தெருப் பெண்ணைவிடப் பொருத்தமான ஆசிரியர் இல்லை. ஆள் வைத்துச் செய்தால் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும், கணினி அறை கட்டினால் சொத்தாக நிற்கும் என்று நிறுவனக் கூட்டங்களில் சொல்வார்கள். சொல்லித்தர ஆளில்லாத கணினி அறை பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடப்பதைச் சொத்து என்று நான் ஒப்பமாட்டேன்.

ஏழைக்குக் கொஞ்சம் கிடைத்தாலே போதும் என்ற வாதத்தையும் நாம் ஏற்கக் கூடாது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஃபேஸ்புக் 2015இல் இங்கே கொண்டுவந்த, பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ எனப் பெயர் மாறிய சேவை, தான் ஏற்றுக்கொண்ட சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டியது. பசித்தவனுக்குக் கால் வயிறாவது கிடைக்கிறதே என்று அதை ஆதரித்தவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பணமுள்ளவருக்கு முழு இணையம், இல்லாதவருக்கு ஒரு நிறுவனம் பொறுக்கித் தந்த இணையம் என்று இரண்டு குடிமக்களை அது உருவாக்கியிருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று இத்தகைய பாரபட்சக் கட்டணங்களைத் தடைசெய்தது. சரியான முடிவு.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் சி.எஸ்.ஆர். குழுக்களில் அமர்வீர்கள். சிலர் விண்ணப்பப் படிவங்களையும் செயலிகளையும் வடிவமைப்பீர்கள். சிலர் ஊரிலேயே கேபிள் தொழில் நடத்துவீர்கள். 2020 இறுதியில் வந்த பிஎம்-வாணி திட்டத்தின்படி பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம் என்பதால் அந்த வேலையும் சிறியதில்லை. எங்கே இருந்தாலும் ஒன்றைச் செய்யுங்கள். எத்தனை பேருக்கு இணைப்புக் கொடுத்தோம் என்ற எண் உங்கள் மேசைக்கு வரும்போது, அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்துப் பிறர் துணையில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணையும் கேளுங்கள். எத்தனை விண்ணப்பங்கள் எந்த விதியால் நிராகரிக்கப்பட்டன என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒதுக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.